திரள் ஒலியும் திரண்ட மக்களும்

கலையாக்கம் ஒன்றின் அரசியலை அதன் ஓசையிலே தேடுவதா, அவ்வோசையை உண்டாக்கும் மனிதரிடையே நிலவும் உறவுகளிலே தேடுவதா என்பது அழகியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். அமெரிக்க இசையமைப்பாளர் கிளென் பிராங்கா (1948–2018) மின்கித்தார்களைத் திரளாகக் கொண்டு ஆக்கிய இசை இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

100 மின்கித்தார்களுக்கென அவர் எழுதிய பதின்மூன்றாம் சிம்பொனி, 2001 யூனில் நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் அடியில் நிகழ்த்தப்பட்டது. பல தந்திகள் பேரொலியில் ஒருங்கே அதிரும்போது, எவரும் தனியே மீட்டாத மேற்றொனிகள் செவிக்குப் புலனாகின்றன. தனியொருவரால் ஆகாதது கூட்டுச் செயலாற் பிறக்கின்றது. ஆனால், 1982இற் சிக்காகோவில் அவரது படைப்பொன்றைக் கேட்ட யோன் கேஜ், ஒருவரது சித்தத்துக்கு ஏனையோர் பணிவதை அதிலே கண்டு, அது பாசிசத்தை ஒத்தது எனக் கண்டித்தார்.

கேஜின் ஐயம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் திரளொலியையே அடக்குமுறையின் குறியாகக் கொள்வது, தனிமனிதனை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் நோக்கின் விளைவாகும். மறுபுறம், பலர் சேர்ந்து ஒலித்தால் அதுவே கூட்டுணர்வு என மயங்குவதும் பொருந்தாது.

இவ்விடத்து மலையகச் சான்று துணைபுரியும். ராகலை உள்ளிட்ட நுவரெலியாப் பகுதித் தோட்ட வாழ்விலே தப்பு முரண்பட்ட இரு பணிகளை ஆற்றியுள்ளது. வைகறையிற் பிரட்டுக்கு ஆள் திரட்டிய தப்பு, துரையின் நேர ஒழுங்கைத் தொழிலாளரின் உடலிலே பதித்தது. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேயிலைத் தோட்டம் பற்றிய தமது ஆங்கில நெடுங்கவிதையை அவ்வதிகாலை முழக்கத்துடனேயே தொடங்கினார். மாசியில் நிகழும் காமன் கூத்திலோ அதே தோலும் அதே இரு குச்சிகளும் மதன் எரிவதையும் ரதி புலம்புவதையும் தாங்கி நிற்கின்றன. அங்கு ஆடுவோரும் காண்போரும் ஒரே உழைப்பாளர் சமூகத்தினர். தாளத்தை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதைத் துரையோ கங்காணியோ தீர்மானிப்பதில்லை.

எனினும் கூத்துக் களத்தை இலட்சியப்படுத்தலும் தவறாகும். தப்படித்தல் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது; சாவு வீட்டில் அடித்தவரே இழிவுக்கும் உள்ளாயினர். துரையின் கட்டளை எட்டாத இடத்திற் சாதியின் கட்டளை செயற்பட்டது. தமிழகத்தில் தலித் மக்கள் பறையடிக்க மறுத்தமையும், பின்னர் அதனையே விடுதலைக் கருவியாக மேடையேற்றியமையும் ஒரே போராட்டத்தின் இரு முகங்களாம். மறுக்கும் உரிமை பெற்றவரே விரும்பி இசைக்கவும் வல்லவராவர்.

எனவே திரளிசையை மதிப்பிடுகையில் அதன் உரப்பை மாத்திரம் அளத்தல் போதாது. ஆக்குபவர் யார், ஆணையிடுபவர் யார், மறுக்கக் கூடியவர் யார், பயன் யாரைச் சேர்கின்றது என்பன வினவப்படல் வேண்டும். பிராங்காவின் மேற்றொனிகள் கூட்டுழைப்பின் விளைபொருள். அவற்றின் மீதுள்ள பெயரோ ஒருவருடையது. நகர மேடைகளிலே மலையகத்தின் அடையாளமாக இன்று தப்பு முழங்கும்போதும் நாம் இவ்வினாக்களையே எழுப்புதல் வேண்டும். அடிப்பவரின் கூலியையும் மதிப்பையும் மறந்து முழக்கத்தை மட்டும் போற்றும் திறனாய்வு, பிரட்டுத் தப்பின் பக்கமே நிற்பதாகும்.