ஓடமும் வண்டியும்

ஓடம் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டி ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பதை இத்தனை நாள் வாழ்க்கைத் தத்துவம் என்றே நினைத்திருந்தேன். அது பயணத் திட்டம் ஐயா, பயணத் திட்டம்! ரோட்டில் சைக்கிள் கேரியரில் காற்றடைக்கும் கயாக். தண்ணீர் வந்தால் சக்கரங்களைக் கழற்றிக் கயாக்கின் மூக்கில் சைக்கிள். சென்னையிலிருந்து பிச்சாவரம் வரை இப்படிப் போகலாமா என்று வழி பார்க்க, ஜனவரியில் நண்பனும் நானும் கிளம்பினோம்.

ஜனவரிக்குக் காரணம் உண்டு. மழை ஓய்ந்த கையோடு முகத்துவாரங்கள் திறந்திருக்கும். கோடையில் பலவற்றை மணல் அடைத்துவிடும். அப்புறம் வாடைக்காற்று! தெற்கே போகிறவனின் முதுகில் கைவைத்துத் தள்ளும். மாமல்லபுரம் தாண்டி மிதித்தோமா, பறந்தோமா, தெரியவில்லை.

பக்கிங்காம் கால்வாய்தான் ஏமாற்றியது. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை சரக்குப் படகு ஓடிய நீர்வழி. 1877-78 பஞ்சத்தில் கூலிவேலை கொடுப்பதற்காகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பகுதியும் இதில் உண்டு. செல்பேசி வரைபடத்தில் அழகான நீலக்கோடு. நேரில் போனால் ஆகாயத்தாமரையும் சாக்கடையும். நகரப் பகுதியைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டோம்.

ஆனால் கடப்பாக்கம்! இடிந்த ஆலம்பரைக் கோட்டையின் செங்கல் சுவருக்குக் கீழேயே கழிவெளி. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து, பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் இடித்த கோட்டை. அங்கே நாணயம்கூட அச்சடித்திருக்கிறார்கள். நாங்கள் பம்பு அடிப்பதை வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓதம் வத்துது தம்பி. இப்ப போனா சேத்துல இழுப்பீங்க. ஏறட்டும்."

கேட்டோமா? இல்லை. இருநூறு அடி போவதற்குள் கயாக் தரைதட்டி, முழங்கால் சேற்றில் இழுத்துக்கொண்டு திரும்பினோம். பெரியவர் சிரிக்கவில்லை, தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

"நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும் பெரியவரே."

"அதான் இப்பக் கேக்குறீங்களே, குந்துங்க."

ஓதம் ஏறியபின் அதே தண்ணீர் கண்ணாடி. சைக்கிளை மூக்கில் கட்டி, துடுப்பு போட்டு எதிரிலிருந்த மணல் திட்டில் இறங்கினோம். முன்னால் வங்கக்கடல், பின்னால் கழிவெளி, நடுவில் சக்கரமில்லாத சைக்கிளோடு இரண்டு பைத்தியங்கள். வாய்விட்டுக் கத்தினேன், பொய் சொல்லவில்லை.

மரக்காணம் உப்பளங்கள், புதுச்சேரிக் காபி, கடலூர் வெயில் எல்லாம் கடந்து பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுரபுன்னைக் காடு. அது வனத்துறையின் இடம். அனுமதி இல்லாமல் சொந்தத் துடுப்பை நனைக்கக்கூடாது. வாடகைப் படகிலேயே போனோம். தில்லைமரத்தின் பால் கண்ணில் பட்டால் போச்சு என்று ஓட்டுநர் கிளையை விலக்கிக் காட்டினார். பக்கத்துச் சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரம்!

நோட்டுப் புத்தகத்தில் 'கடப்பாக்கம், 1 இரவு' என்று எழுதியிருந்ததை 2 என்று திருத்திவிட்டேன். நண்பன் 3 என்கிறான்.