‘வெண்பா’ நிகழ்பட ஆட்டத்தில் சிதைந்த ஏடும் மொழியிழப்பும்

1986இல் ஜப்பானின் எனிக்ஸ் வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’, ஆடுபவரை வாளேந்திய வீரனாக்கிக் கதைக்குள் நடத்தியது. கனடாவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, அவரைப் புலம்பெயர்ந்த தமிழ்த் தாயாக்குகிறது. வாளின் இடத்தில், தாய்வழி வந்த சமையற்குறிப்பேடு. அதில் அழிந்துபோன படிநிலைகளை ஊகித்தே இட்லி முதலிய உணவுகளைச் சமைக்க வேண்டும். இவ்வாறு இழப்பு கருப்பொருளாக நின்றுவிடாமல் ஆட்டவிதியாகவே அமைகிறது. எனினும் ஆட்டத்தில் தவறினால் மீண்டும் முயலலாம். உணவு இறுதியில் நிறைவுறும். மகன் கவினிடமிருந்து நழுவிய தமிழோ அத்தகைய எளிமையில் மீள்வதில்லை. சுவை மீள்வதை மொழி மீள்வதாக வாசித்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். கதையோடு விதியையும் சேர்த்து வாசிப்பதே இவ்வகைப் பனுவல்களுக்குரிய திறனாய்வாகும்.