இரண்டு பேரையும் சேர்த்தே விடலாமா?

திங்கள் காலை கொண்டுபோய் விட்டு வெள்ளி மாலை அழைத்துக்கொள்வது வார விடுதி. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் இந்தப் பேச்சு எழும்போது முதலில் வரும் காரணம் ஒழுக்கமோ பாடத்திட்டமோ அல்ல, தூரம்தான். ஊருக்குள் இருக்கும் பள்ளிகள் பலவற்றில் ஓடியாட இடமில்லை. மைதானத்தோடு கட்டிய பள்ளிகள் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கேளம்பாக்கம், வண்டலூர் பக்கமும் இருக்கின்றன. 1973-இல் அடையாறில் தொடங்கிய கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் பகல்நேரப் பள்ளியான 'தி ஸ்கூல்'கூட இப்போது தாழம்பூரில்தான். போதாக்குறைக்கு, மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக லஸ்ஸிலும் பனகல் பூங்காவிலும் வருஷக்கணக்கில் தோண்டுகிறார்கள். விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறும் பிள்ளை, சாயங்காலம் தூங்கி வழிந்துகொண்டு இறங்குகிறது. வார விடுதியை ஒரு கல்விமுறை என்று பார்ப்பதைவிட, சென்னைப் போக்குவரத்தைத் தாண்ட வசதியுள்ள குடும்பங்கள் கண்ட சுற்றுவழி என்று பார்ப்பதே நேர்மை.

மயிலாப்பூருக்கு விடுதி புதிதல்ல. 1905-இல் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் முன்னின்று, ஏழு பையன்களோடு தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் இன்றும் அங்கே நடக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு அவ்வை இல்லம், போக்கிடமில்லாத பெண்பிள்ளைகளுக்காக எழுந்தது. அந்த விடுதிகள் ஓர் இல்லாமையை நிரப்பின: வீடு இல்லை, அல்லது ஊரில் பள்ளி இல்லை. இன்றைய வார விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு வீடும் உண்டு, நடந்துபோகும் தூரத்தில் பள்ளியும் உண்டு. இருப்பதை விட்டுவிட்டுப் போவதால், கிடைப்பது என்ன என்று கறாராகக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிடைப்பது கொஞ்சமல்ல. பஸ்ஸில் கரையும் நேரம் மிச்சமாகிறது, இருட்டும்வரை விளையாடலாம். டியூஷன் ஓட்டமும், கைபேசிக்காக நடக்கும் தினசரிச் சண்டையும் நிற்கின்றன. தன் துணியைத் தானே மடிக்கவும், தட்டில் விழுந்ததைச் சாப்பிடவும் பழகுகிறார்கள். ஆனால் இவையெல்லாம் எந்த விடுதியிலும் கிடைப்பவை. வார விடுதிக்கே உரிய பலம் வேறு: வாரம் ஒருமுறை பிள்ளையின் முகத்தைப் பெற்றவர்கள் பார்த்துவிடுகிறார்கள். அடி, கிண்டல், தகாத தொடுதல் எதுவானாலும் காலாண்டு விடுமுறைவரை புதைந்து கிடக்க வேண்டியதில்லை. 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் ஒரு பள்ளி விடுதி மாணவி இறந்து, ஊரே கலவரமான பிறகுதான் விடுதிகளின் உரிமம் பற்றி நம்மில் பலர் கேட்கத் தொடங்கினோம். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டமோ 2014-லேயே வந்துவிட்டது. சட்டம் செய்வதைச் சட்டம் செய்யட்டும்; வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டு மேஜையில் அம்மா கவனிப்பதை எந்த ஆய்வாளரும் கவனிக்கப்போவதில்லை.

படிப்பு உயருமா? இதற்கு உணர்ச்சி கலக்காத ஒரு பதில் பிரான்சிலிருந்து வந்திருக்கிறது. பாரிசுக்குத் தென்கிழக்கே சுர்தூன் என்ற இடத்தில் 2009-இல் ஓர் அரசு விடுதிப் பள்ளி திறந்தார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் வார நாட்களில் அங்கே தங்கி, வார இறுதியில் வீடு திரும்புவார்கள். இடத்துக்குப் போட்டி அதிகமாக இருந்ததால் குலுக்கலில் தேர்ந்தார்கள். அதனால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பொருளாதார அறிஞர்கள் நேராக ஒப்பிட முடிந்தது. 2017-இல் வெளியான முடிவு பெற்றோர் அவசரத்துக்கு ஏற்றதல்ல. முதல் வருடம் மதிப்பெண் உயரவில்லை. மனநிலை கீழே இறங்கியது. இரண்டாம் வருடம் கணிதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது, அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகப் படித்துவந்தவர்களுக்கு. பின்தங்கிய பிள்ளையைத் தூக்கிவிடும் என்று நம்பி விடுதியில் சேர்ப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் வசதி குறைந்தவர்கள். நம் அடையாறுப் பிள்ளைக்கு வீட்டிலேயே மேஜையும் விளக்கும் இருப்பதால், கூடுதல் லாபம் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

குறை எங்கே என்றால், பலம் இருக்கிற அதே வார இறுதியில்தான். வெள்ளி மாலை சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்பவர்களுக்குத் தெரியும், அந்த நாள் எப்போது முடிகிறது என்று. சனிக்கிழமையும் வகுப்பு வைக்கும் பள்ளியானால் கையில் மிஞ்சுவது ஒரே பகல். அதற்குள் பல் டாக்டர், முடிவெட்டு, பாட்டு வகுப்பு, தாத்தா பாட்டி, ஒரு கல்யாண வரவேற்பு. ஞாயிறு மாலை நாலு மணிக்கே வீட்டில் ஓர் இறுக்கம் வந்துவிடுகிறது. கண்டிக்கவும் மனசு வராது. வந்ததே ஒன்றிரண்டு நாள், அதில் எதற்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது என்று விட்டுவிடுகிறார்கள். பெற்றோர் மெல்ல விருந்தோம்புகிறவர்களாக மாறுவது இப்படித்தான்.

மழைக்காலம் தனிக் கதை. விடுமுறையை அறிவிப்பது அந்தந்த மாவட்ட ஆட்சியர். வீடு சென்னை மாவட்டம், பள்ளி செங்கல்பட்டு மாவட்டம் என்றால் இங்கே விடுமுறை, அங்கே வகுப்பு என்றாகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் பெற்றோர் என்ற நிலைமைக்குப் பள்ளி என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று சேர்க்கைப் படிவம் வாங்கும்போதே கேட்பது நல்லது.

இனி, இரண்டு பிள்ளைகள் விஷயம். "ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்" என்பதுதான் எல்லா வீட்டிலும் சொல்லப்படும் சமாதானம். எனக்கு இது மிகப் பலவீனமான வாதமாகப் படுகிறது. அக்கா தம்பியானால் இரண்டு கட்டடம். அண்ணன் தம்பியே ஆனாலும் வயதுவாரியாக வேறு அறை. சந்திப்பது சாப்பாட்டு வரிசையில். சின்னவன் அழுதால் வார்டன் பெரியவளைக் கூப்பிடுவார். பத்துப் பன்னிரண்டு வயதில் அவள் தாயாகிவிடுகிறாள். அவளுக்கு அழுகை வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? போதாததற்கு, இரண்டாவது பிள்ளைக்குக் கட்டணச் சலுகை தரும் பள்ளிகளும் உண்டு. துணை என்ற வாதத்துக்கு அடியில் அந்தச் சலுகையும் கொஞ்சம் வேலை செய்கிறது.

அடையாறுக்கே உரிய ஒரு பழைய வழக்கு இங்கே பயன்படும். பிரம்மஞான சபையில் வேலை பார்த்த, மனைவியை இழந்த நாராயணையாவின் மகன்கள் கிருஷ்ணமூர்த்தியும் நித்யானந்தாவும். 1909-இல் இருவரும் அடையாறிலிருந்து மயிலாப்பூர் பெண்ணாத்தூர் சுப்பிரமணியம் பள்ளிக்கு நடந்தே போய்வந்தார்கள். தம்பி சூட்டிகை, அண்ணன் மந்தம் என்று பெயரெடுத்து அடி வாங்கியவர். சபைப் பிரமுகர் லெட்பீட்டர் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தித் தம் மேற்பார்வையில் படிக்கவைத்தார். 1910-இல் தந்தை எழுத்து மூலம் சபைத் தலைவர் அன்னி பெசன்டைப் பாதுகாவலராக ஏற்றார். பிறகு மனம் மாறி வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் 1913-இல் தந்தை பக்கம் நின்றது. 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. தந்தை ஒப்படைத்த பொறுப்பைத் திரும்பப் பெறலாம் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் பையன்களின் நலனும் விருப்பமும் சரியாக விசாரிக்கப்படாமல் உத்தரவு போடப்பட்டதைக் குறையாகக் கண்டது. இங்கிலாந்தில் ஒரே கவனிப்பில் வளர்ந்தும் தம்பி தேர்வுகளில் தேறிச் சட்டம் படித்தார். அண்ணன் மெட்ரிகுலேஷனில் திரும்பத் திரும்பத் தவறினார். அந்த அண்ணன்தான் பிற்காலத்தில் ரிஷிவேலி முதலான பள்ளிகளுக்குக் காரணமானவர்.

சேர்ந்து வளர்ந்தார்கள் என்பதற்காக ஒரே ஏற்பாடு இருவருக்கும் பொருந்திவிடாது. ஒவ்வொருவரையும் தனியாக, மற்றவர் இல்லாதபோது கேட்க வேண்டும். போக வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு கேட்க வேண்டும்.

என் முடிவு இது. ஆறாம் வகுப்புக்கு முன் வார விடுதி வேண்டாம். மூத்த பிள்ளை தானாக விரும்பினால் அனுப்பலாம். சுர்தூன் காட்டியபடி முதல் வருடம் வாட்டம் இருக்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். வீட்டில் நிற்கும் சின்னப் பிள்ளையும் அந்த வருடம் எதையோ இழக்கிறது என்பதால், அதையும் கவனிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது பிள்ளையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. விடுதி உரிமத்தைக் கண்ணால் பாருங்கள், இரவில் அந்த மாடியில் தூங்கும் பெரியவர் யார் என்று கேளுங்கள், புதன்கிழமை வீட்டுக்குப் போன் பேசவிடுவார்களா என்று கேளுங்கள். இருவரையும் ஒரே வருடம் சேர்த்தால் சலுகை என்று அலுவலகத்தில் சொன்னால், மூத்தவர் ஒரு வருடம் முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.