பட்டனை ஏற்ற பாட்டு

தோழன் ஒருவன் சாதி கடந்து மணம் புரிகிறான். பெற்றோர் கதவை அடைக்கின்றனர். சுற்றத்தார் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். துணைவியின் கரம் பற்றி அவன் நம் வாயிலுக்கு வருகிறான். ‘வாருங்கள்’ என்கிறோம்; பாய் விரிக்கிறோம்; பசியாற்றுகிறோம். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெண்ணின் உள்ளத்திலே ஒரு வினா எழுமே, ‘இவர்களுக்கு நான் யார்?’ என்று! அதற்கு நாம் தரும் விடை என்ன?

விருந்தினர் என்றால் இரண்டு நாள். குடும்பம் என்றால் ஆயுள் முழுவதும். இரண்டாவதே நம் விடையானால், அதனை உணர்த்த ஒரு முறை வேண்டும். மந்திரம் வேண்டாம் என்றோம், புரோகிதர் வேண்டாம் என்றோம், நன்று. அவர்கள் எழுந்து போன இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? ஊர்ப் பாட்டைக் கொண்டு நிரப்பலாம் என்பது என் எண்ணம். எந்தப் பாட்டு, அதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று ஆராய்வோம்.

‘நண்பர் நாலுபேர் கூடினால் குடும்பமாகிவிடுமோ?’ என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்கள் சட்டத்தைப் படிக்கட்டும். 1967இல் அறிஞர் அண்ணாவின் அரசு நிறைவேற்றி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம், யார் முன்னிலையில் மணம் நடக்கலாம் என்று கூறுமிடத்தில் உறவினரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. நண்பரையும் சேர்த்தே சொல்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், இணைந்து வாழ விழைந்த இரு பெண்களைப் பற்றிய வழக்கிலே, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்னும் கருத்தை ஏற்றுப் பேசிற்று. சட்டம் வந்துவிட்டது. பாட்டு வந்ததா?

மாஞ்சோலையை எண்ணிப் பாருங்கள். 1929இல் சிங்கம்பட்டி சமீன் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டைப் பம்பாய் பர்மா வணிகக் கழகத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என மலை நெடுகத் தேயிலை தழைத்தது. பல ஊர்களிலிருந்து ஏறியவர்கள் லயன் வீடுகளில் குடியேறினர். சொந்த ஊரும் சொந்தச் சுற்றமும் தொலைவிலே. பக்கத்துக் கதவில் இருப்பவரே பிரசவத்திற்கும் பாடைக்கும் துணை. அவர்களின் கூலி உரிமைக்காக 1999 சூலை 23ஆம் நாள் நெல்லையில் நடந்த ஊர்வலம் தடியடியில் முடிந்தது. பதினேழு உயிர்களைத் தாமிரபரணி விழுங்கிற்று. 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரால் தொழிலாளரைக் கணக்குத் தீர்த்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் மலையை விட்டு இறங்கினர். மண் அவர்களுடையதன்று என்றாகிவிட்டது. மூட்டையிலே கட்டி இறக்க முடிந்தவை பாத்திரமும் துணியும். மனத்திலே சுமந்து இறங்கியவை உறவும் பாட்டும். நிலம் இழந்தவனுக்குப் பாட்டே ஊர். அந்த ஊருக்குள் புதியவர் ஒருவரை அழைப்பதென்றால், பாட்டுக்குள் அழைப்பதுதானே!

நெல்லைச் சீமையின் பாட்டு வில்லுப்பாட்டு. அதிலும் பொதிகை மலைச் சாரலுக்கே உரிய கதை, முத்துப்பட்டன் கதை. பேராசிரியர் நா. வானமாமலை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியாக இதனைப் பதிப்பித்தார். கதை இதுதான்: பட்டன் பார்ப்பனன். உடன்பிறந்தாரைப் பிரிந்து கொட்டாரக்கரை அரசனிடம் பணி செய்கிறான். அண்ணன்மார் தேடிச் சென்று அழைத்து வருகின்றனர். வழியிலே, காட்டிலே, இரு பெண்கள் பாடும் குரல் கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா, செருப்புத் தைக்கும் அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மக்கள். பாட்டைக் கேட்டவன் மனத்தைப் பறிகொடுக்கிறான். தந்தையிடம் சென்று பெண் கேட்கிறான். வாலப்பகடை சொல்லும் விடைதான் கதையின் உயிர். குடுமியை எடு, பூணூலை அறு, தோல் தொழில் கற்றுச் செருப்புத் தைத்து வா, பிறகு பார்ப்போம்! அண்ணன்மார் தடுக்கின்றனர். பட்டன் மீறுகிறான். செருப்புத் தைக்கிறான், மருமகனாகிறான்.

தோழர்களே, இதன் பொருளை உணருங்கள். மேல்சாதிக்காரன் கருணை கொண்டு கீழே இருப்பவரைக் கைதூக்கிவிட்ட கதையன்று இது. ஏற்பவன் வாலப்பகடை, ஏற்கப்படுபவன் பட்டன். நிபந்தனை விதிக்கும் உரிமை குடிசைக்காரனிடம் இருக்கிறது. ‘சாதியை வாசலில் கழற்றி வை; செருப்பை உள்ளே கொண்டு வா’ என்கிறது அந்தக் குடிசை! வரவேற்பு என்பதன் இலக்கணம் இதைவிடத் தெளிவாக எந்த ஏட்டிலே இருக்கிறது?

ஆனால் நம் கடமை புகழ்வதோடு முடிவதில்லை. பாட்டிலே மூன்று குறைகளைக் காண்கிறேன்.

ஒன்று: அந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனக் குலத்திலே பிறந்தவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று சில வடிவங்களில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஏன் இந்த ஒட்டு? சாதி மீறிய மணம் நடந்தது என்று ஒப்ப மனமில்லாதவர்க்கு ஆறுதல் சொல்லத்தான். இது கதையன்று, கதைக்குப் போட்ட பூணூல்!

இரண்டு: பட்டன் தந்தையைக் கேட்டான், தந்தை நிபந்தனை சொன்னான். பெண்களை யார் கேட்டார்? பாடிய குரலுக்குப் பேச இடமில்லையா? ஒருவனுக்கு இருவர் என்பதும் அக்காலத்தின் பிழை.

மூன்று: மணமான சூட்டிலேயே ஆநிரை காக்கச் சென்ற பட்டன் வெட்டுண்டு இறக்கிறான். பெண்கள் சிங்கம்பட்டி அரசனிடம் இசைவு பெற்றுத் தீப்பாய்கின்றனர். பிறகு மூவரும் தெய்வங்கள்! வாழ்ந்திருந்தால் ஊர் ஏற்றிருக்குமா? ஏற்காது. செத்தால் கும்பிடும். காரையாற்றுச் சொரிமுத்தையன் கோயிலிலே பட்டவராயனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கல்லுக்குச் செருப்பு காணிக்கை. அதைத் தைத்தவன் காலில் செருப்பணிந்து மேலத்தெருவில் நடந்தால் குற்றம் என்று சொன்ன ஊர்கள் எத்தனை! உடுக்கையின் முகம் தோல். அதன் ஒலி இனிக்கிறது. தோலைப் பதப்படுத்திய கை மட்டும் தீட்டு. இதுதான் பக்தியின் நீதி.

ஆகவே பாட்டை எறிந்துவிடச் சொல்கிறேனா? இல்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லை மேடைக்குக் கொண்டு வந்து காந்தியடிகள் கதையைப் பாடினார். நெல்லை மண்ணின் சுப்பு ஆறுமுகம் அதனை எழுதித் தந்தார். வில் யாருக்கும் அடிமையன்று. கோயில் கொடைக்கு இசைக்கும் வில், தோழனின் மணத்திற்கும் இசைக்கும். ஒட்டுப் போட்ட பிறப்புக் கதையை அகற்றுவோம். தீக்குழியை மூடுவோம். வாலப்பகடையின் வாசலோடு பாட்டை நிறுத்துவோம். அங்கேதான் வாழ்வு தொடங்குகிறது.

வில்லுப்பாட்டிலே ஒருவர் பாடுவார். உடனிருப்போர் ‘ஆமாம்’ போடுவார்கள். அந்த ‘ஆமாம்’ இல்லாவிடில் பாட்டில்லை. புதிதாய் வந்த துணைவியை, துணைவனை, எதிரே விருந்தினராக அமர்த்தாதீர். வில்லின் அருகே அமர்த்துங்கள். தாளத்தைக் கையிலே கொடுங்கள். நம் பாட்டுக்கு அவர் ‘ஆமாம்’ சொல்லட்டும். பிறகு அவர் தம் ஊர்ப் பாட்டைப் பாடட்டும், நாம் ‘ஆமாம்’ சொல்வோம். அவர் பாட்டுக்கு நம் வீட்டில் இடமில்லையென்றால், அவருக்கும் இடமில்லை என்றுதான் பொருள். பொம்மக்காவும் திம்மக்காவும் இழந்த குரலை இப்படித்தான் நாம் திருப்பித் தர முடியும்.

பாட்டு மட்டும் போதுமா? போதாது. 2025 சூலை 27ஆம் நாள், இதே தாமிரபரணிக் கரையில், பாளையங்கோட்டையிலே, சாதி கடந்து அன்பு கொண்ட இருபத்தேழு வயது இளைஞன் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டான். பட்டன் கதையைக் கேட்டு வளர்ந்த சீமை இது! பாட்டைக் கேட்டது காது; அரிவாளைப் பிடித்தது கை; இரண்டுக்கும் நடுவே மனம் எங்கே போயிற்று?

எனவே, ‘ஆமாம்’ என்று பாட்டில் சொன்னவர்கள் வாழ்விலும் சொல்ல வேண்டும். வாடகைக்கு வீடு தேடும்போது, பதிவு அலுவலகத்திலே சாட்சிக் கையெழுத்துக் கேட்கும்போது, மகப்பேற்றுக்குத் துணை வேண்டும்போது, நள்ளிரவிலே கதவு தட்டப்படும்போது, ‘ஆமாம், இவர் எங்கள் வீட்டார்’ என்று எழுந்து நிற்க வேண்டும். அப்படி நிற்பவர்கள் பாடினால் அது வரவேற்பு. நிற்காதவர்கள் பாடினால் அது வெறும் ஓசை.