சாலட் பரிமாற மாட்டேன்: ஒட்டோபோகே பீவரின் கன்சாய்ப் பேச்சு

ஜப்பானிய ராக் குழு ஒன்று வெளிநாட்டில் பெயர் வாங்கிவிட்டால் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். 'இசைக்கு மொழி கிடையாது' என்பது ஒன்று. 'ஜப்பான்காரங்களே கொஞ்சம் கிறுக்குதான்' என்பது இன்னொன்று. கியோத்தோவின் ஒட்டோபோகே பீவரைப் பற்றிப் பேசும்போதும் இவை இரண்டும் தவறாமல் வந்துவிடும். இரண்டுமே அந்தக் குழுவின் பாட்டைச் சரியாகக் கேட்காமல் தப்பிக்கும் வழிகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

2009இல் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தின் மாணவர் இசைக் கழகத்தில் உருவான பெண்கள் குழு இது. குழுவின் பெயர் ஒசாகாவில் இருந்த ஒரு காதலர் விடுதியின் பெயர். 'ஒட்டோபோகே' என்றால் தெரிந்தும் தெரியாத மாதிரி நடிப்பது. ஜப்பானின் பெரிய இசை நிறுவனம் எதுவும் இவர்களை உலகத்துக்குக் கொண்டுபோகவில்லை. லண்டனில் இருக்கும் டேம்னப்ளி என்ற சின்ன நிறுவனம் 2016இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. பிறகு 2019இல் 'இத்தேகோமா ஹிட்ஸ்', 2022இல் 'சூப்பர் சம்போன்'. அலுவலக வேலை பார்த்துக்கொண்டு, லீவு போட்டு வெளிநாட்டு மேடை ஏறியவர்கள், பிறகு அந்த வேலைகளை விட்டார்கள். ஃபூ ஃபைட்டர்ஸின் டேவ் குரோல் இவர்களை வெளிப்படையாகப் புகழ்ந்த பிறகு கேட்பவர்கள் இன்னும் கூடினார்கள். வளர்ந்த கதை இவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது இவர்களுடைய பேச்சு.

வெளிநாட்டுக்காரர்களுக்காகப் போட்ட அந்த முதல் தொகுப்பின் பெயர் 'ஒகோஷியாசு'. கியோத்தோக் கடைகளில் 'வாங்க, வாங்க' என்று வரவேற்கும் பழைய, மரியாதையான வட்டாரச் சொல். 'இத்தேகோமா'வும் கன்சாய் வட்டாரப் பேச்சுதான். அடித்து நொறுக்குவது என்கிற தொனி அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பாடினால்தான் வெளியில் எடுபடும் என்ற பழைய அறிவுரையை மட்டுமல்ல, பொது ஜப்பானிய மொழியில் பாடினால்தான் நாகரிகம் என்பதையும் இவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதை வெறும் ஊர்ப் பாசமாக நான் பார்க்கவில்லை. ஒசாகா வட்டாரம் மன்சாய் என்ற இருவர் நகைச்சுவைக்குப் பேர்போனது. ஒருவர் அசட்டுத்தனமாக ஏதோ சொல்வார், மற்றவர் அந்தக் கணமே வெட்டுவார். ஒட்டோபோகே பீவரின் பாட்டுகளை அப்படிக் கேட்டுப் பாருங்கள். அக்கோரின்ரின் ஒரு சொல்லை வீசுகிறார், யோயோயோஷியும் மற்றவர்களும் மூச்சு விடுவதற்குள் அதைத் திருப்பி அடிக்கிறார்கள். டிரம்ஸ் சடாரென்று நிற்கிறது. வேறு வேகத்தில் மறுபடி கிளம்புகிறது. வெறும் காட்டுக்கத்தல் என்று சொல்பவர்கள் அந்த நிறுத்தங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பேச்சுவழக்கின் வெட்டுதான் இங்கே தாளம். பொருள் தெரியாத ரசிகரும் சரியான இடத்தில் சிரிப்பதற்குக் காரணம் அதுதான். மொழி இல்லாததால் பாட்டு கடல் தாண்டவில்லை. மொழி முழுசாக இருந்ததால் தாண்டியது.

'சூப்பர் சம்போன்' ஆல்பத்தில் 18 பாட்டுகள், மொத்தம் 21 நிமிடம். அதில் ஒன்றின் தலைப்பு 'நான் சாலட் பரிமாற மாட்டேன்' என்று பொருள்படும். ஜப்பானிய அலுவலக விருந்துகளில் சாலட்டைத் தட்டு தட்டாகப் பிரித்துக் கொடுப்பது இளம் பெண்ணின் வேலை என்று சொல்லாமலே எதிர்பார்ப்பார்கள். 'பெண்ணியக் கோபம்' என்ற பெரிய லேபிளை ஒட்டினால் இந்தப் பாட்டின் அழகு போய்விடும். ஒரு கிண்ணம் கீரைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும், அந்தக் கிண்ணத்தை இதுவரை யார் தூக்கினார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. சின்ன விஷயத்தைச் சின்னதாகவே வைத்துக்கொண்டு கோபப்படத் தெரிந்தவர்கள் இவர்கள்.

குறையும் உண்டு. அதே ஆல்பத்தின் பின்பாதியில் ஒரு நிமிடத்தைக்கூடத் தொடாத பாட்டுகள் வரிசையாக வருகின்றன. நின்று கிளம்பும் உத்தி ஐந்தாவது தடவை வரும்போது நமக்கே முன்கூட்டித் தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்ட வெட்டு ஜோக்காகாது. 'இத்தேகோமா ஹிட்ஸ்'இல் ஆத்திரத்துக்கு அடியில் காதலின் அவமானம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் கிடைத்த அந்த ஆழம் இங்கே சில இடங்களில் வேகத்துக்குப் பலியாகியிருக்கிறது. மேடையில் இது தெரியாமல் போகலாம். தனியாக ஹெட்போனில் கேட்கும்போது தெரிகிறது.

இந்தக் குழுவைப் பற்றி இலக்கிய இதழில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். இங்கே கதை எழுத வருகிற இளைஞர்களுக்கு நாம் கொடுக்கும் அறிவுரை என்ன? 'பசியாறுதல்' என்று எழுதாதே, 'தவுக்கே' என்று எழுதாதே, தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது. எழுதினாலும் அடிக்குறிப்பு போடு. புரியவைக்க வேண்டும் என்ற பதற்றத்தில், ஒரு சொல் எந்த மூச்சோடு வாயிலிருந்து வருகிறது என்பதை விட்டுவிடுகிறோம். மிஞ்சுவது எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு தமிழ்.

ஒட்டோபோகே பீவர் வேறு மாதிரி செய்கிறது. 'சூப்பர் சம்போன்' பாட்டுகளின் தலைப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உள்ளே போனால் பெரும்பாலும் கன்சாய்ப் பேச்சு. வாசல்வரை வந்து கூப்பிடுகிறார்கள், அதற்கு மேல் தங்கள் வீட்டுப் பேச்சை மாற்றிக்கொள்வதில்லை. விருந்தாளிதான் பழகிக்கொள்ள வேண்டும். ஆல்பத்தின் பெயரில் உள்ள சம்போன் பல பொருட்களைக் கலந்து செய்யும் நாகசாகி நூடல்ஸ் வகை. கலவை என்றும் பொருள். சாலட் பாட்டிலிருந்து தொடங்குங்கள். சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.