டிலைட்: ஒரு சொல்லும் ஒரு சிரிப்பும்

வெளிநாட்டு வாடிக்கையாளர் குழு ஒன்று எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தது. பாயான் லெப்பாஸில் வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும் விஷயம்தான். அறிமுகத்தின்போது என் பிரிவில் இருக்கும் சீன நண்பன் எழுந்து கைகொடுத்து, "ஐ எம் வெரி டிலைட்ஃபுல் டு மீட் யூ" என்றான். மேசையின் இந்தப் பக்கம் இருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். வந்தவர்கள் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள்தான். நானும் சிரித்தேன்.

அவன் சீனத் தொடக்கப்பள்ளி, தனியார் சீன இடைநிலைப்பள்ளி, பிறகு தைவானில் பட்டப்படிப்பு என்று வந்தவன். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவன். அன்றைக்குப் பிறகு கூட்டங்களில் வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டான். சில வாரம் கழித்து மாமாக் கடையில் கைப்பேசியை என் பக்கம் தள்ளி, "அகராதியில அப்படித்தானே போட்டிருக்கு, எங்க தப்பு?" என்று கேட்டான். "டிலைட்ஃபுல் இல்ல லா, டிலைட்டட்" என்றேன். "ஏன்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. சரியான வடிவம் எனக்குத் தெரியும், அதற்கான காரணம் தெரியாது. தப்பு என்று சிரிக்க அது போதுமானதாக இருந்திருக்கிறது, விளக்க அது போதவில்லை.

இந்தக் கட்டுரை அந்த 'ஏன்'னுக்கான தாமதமான பதில். கூடவே, இருமொழி அகராதிகள் மகிழ்ச்சிச் சொற்களை விளக்கும் முறை மீதான ஒரு விமர்சனமும்.

ஆங்கிலம் - சீனம் அகராதிகளில் டிலைட் என்று தேடினால் பொதுவாகக் கிடைப்பவை காவ்சிங், குவாய்லெ, யூகுவாய் போன்ற சொற்கள். மூன்றுக்கும் 'மகிழ்ச்சி' என்று தமிழில் எழுதிவிட்டுப் போய்விடலாம். ஹேப்பி, கிளாட், பிளீஸ்ட் என்று தேடினாலும் இதே சொற்கள்தான் இடம் மாறி மாறி வரும். அகராதி இங்கே செய்யும் அனுமானம் இதுதான்: மகிழ்ச்சி என்ற பொருள் ஒன்று எல்லா மொழிக்கும் வெளியே எங்கேயோ இருக்கிறது, ஒவ்வொரு மொழியும் அதன்மேல் தன்னுடைய லேபிளை ஒட்டியிருக்கிறது, ஒரு லேபிளைப் பிய்த்துவிட்டு இன்னொன்றை ஒட்டினால் வேலை முடிந்தது. மின்சுற்றில் ஒரே மதிப்புள்ள ரெசிஸ்டரை மாற்றிப் போடுவது மாதிரி. சொற்கள் அப்படிப் பொருந்துவதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே வரும் கால்களின் எண்ணிக்கையே வேறு.

நண்பனுடைய வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். மாண்டரினில் ஒருவரைச் சந்திக்கும்போது சொல்வது, "ஹென் காவ்சிங் ஜியென்தாவ் நீ." ஹென் என்றால் மிக. காவ்சிங் என்றால் மகிழ்ச்சியாய் இருப்பது. ஜியென்தாவ் என்றால் சந்திப்பது. 'நீ' என்பது அவர்களுக்கும் நீதான். இதில் 'நான்' இல்லை, தேவையும் இல்லை. 'எம்' என்பதற்கு இணையாகவும் எதுவும் இல்லை, ஏனென்றால் மாண்டரினில் காவ்சிங் போன்ற பண்புச்சொல் துணையின்றித் தானே பயனிலையாக நிற்கும்.

முதல் சிக்கல் அந்த ஹென். அகராதியில் அது 'வெரி'. ஆனால் மாண்டரினில் பண்புச்சொல்லை வெறுமனே விட்டால் வேறெதனுடனோ ஒப்பிடுவதுபோல் ஒலிக்கும். அதைத் தவிர்க்கவே பெரும்பாலும் ஹென் வந்து உட்காருகிறது. அழுத்திச் சொன்னால்தான் அதற்கு 'மிக' என்ற பொருள், சும்மா சொன்னால் அது வாக்கியத்தைத் தாங்கும் முட்டு மட்டும். ஆங்கில 'வெரி' அப்படியல்ல, அது அளவைக் கூட்டும் சொல். டிலைட்டட் என்ற சொல்லிலோ ஏற்கனவே உச்ச அளவு இருக்கிறது. அதனால்தான் கற்பவர்களுக்கான இலக்கண நூல்கள் அதற்கு முன்னால் 'வெரி' போடாதே, வேண்டுமானால் 'அப்சல்யூட்லி' போடு என்கின்றன. நண்பன் மிகைப்படுத்தவே இல்லை. அவனுடைய மொழி ஒரு முட்டைக் கேட்டது, அவன் வைத்தான்.

இரண்டாவது சிக்கல்தான் எங்களைச் சிரிக்க வைத்தது. டிலைட்டட் என்றால் மகிழ்ச்சியைப் பெற்றவர். டிலைட்ஃபுல் என்றால் மகிழ்ச்சியைத் தருவது. "உங்களைச் சந்திக்க நான் மிக இனிமையானவன்" என்று அவன் சொன்னதாகிவிட்டது. ஆங்கிலத்தில் இந்த மகிழ்ச்சிக்கு ஒரு திசை உண்டு. வெளியே இருக்கும் ஏதோ ஒன்று ஆளின்மேல் வேலை செய்கிறது, ஆள் அதற்கு உட்படுகிறார். இந்தச் சொல் லத்தீனின் தெலெக்தாரேயிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அந்த லத்தீன் சொல்லின் அடியில் 'ஆசைகாட்டி இழுப்பது' என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சத்தைக் குறிக்கும் 'லைட்'டுக்கும் இதற்கும் உறவே இல்லை. 16ஆம் நூற்றாண்டில் 'லைட்', 'நைட்' போன்ற சொற்களைப் பார்த்து எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆங்கிலேயர்களும் ஒப்புமை பார்த்துத் தப்பாக எழுதியிருக்கிறார்கள், பிறகு அதுவே சரியாகிவிட்டது!

மாண்டரினில் காவ்சிங் என்பது ஓர் ஆள் இருக்கும் நிலை. அதற்கு ஈற்றை மாற்றி 'பெற்றவர்', 'தருவது' என்று பிரிக்க வழியில்லை. 'தருவது' என்று சொல்ல வேண்டுமென்றால் முன்னால் 'லிங் ரென்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும், 'மனிதரை ஆக்குகிற' என்று பொருள். அதாவது லிங் ரென் யூகுவாய்தான் டிலைட்ஃபுல். இந்த ஒரு வரியை அகராதி முதலிலேயே எடுத்துச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

நமக்கு இது புரியாத சங்கதியா? தமிழில் மகிழ்ச்சி நமக்கு வருவது நான்காம் வேற்றுமையில். "எனக்குச் சந்தோஷமா இருக்கு", "எனக்குப் போரடிக்குது." நான் செய்வதில்லை, அது என்னிடம் வந்து சேர்கிறது. இந்த 'எனக்கு'வை எங்கே வைப்பது என்று தெரியாமல் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வருடம் "ஐ எம் போரிங், டீச்சர்" என்று நான் சொல்லியிருக்கிறேன். வகுப்பே சிரித்தது. அதே பிழை, அதே ஈறு. அதைச் சுத்தமாக மறந்துவிட்டுத்தான் பதினைந்து வருடம் கழித்து நான் சிரித்திருக்கிறேன்.

சரி, ஈற்றைச் சரிசெய்துவிட்டால் டிலைட் விளங்கிவிடுமா? இல்லை. காவ்சிங் அன்றாட மகிழ்ச்சி. நல்ல தூக்கம், நேரத்துக்கு வந்த பேருந்து, எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லலாம். டிலைட் அதைவிடப் பெரியது, பல சமயம் எதிர்பாராதது. 'டு மை டிலைட்' என்று ஒருவர் ஆரம்பித்தால், பின்னால் வருவது அவர் எண்ணியிராத நல்ல செய்தி என்று காது தயாராகிவிடும். இந்தத் திடீர்த்தன்மைக்கு மாண்டரினில் அழகான சொல் இருக்கிறது: ஜிங்சீ. 'சீ' நமக்குத் தெரிந்ததுதான், சீனப் பெருநாளுக்கு எல்லாரும் சொல்லும் 'கோங் சீ ஃபா சாய்'யில் இருப்பது. கல்யாண வீட்டுச் சிவப்புத் தாளில் இரட்டையாக ஒட்டப்படுவதும் அந்த 'சீ'தான். 'ஜிங்' என்றால் திடுக்கிடுவது. தைவானில் படித்தவன் என்பதால் நண்பன் அதன் பழைய வடிவத்தை கடைக்காரர் வைத்திருந்த துண்டுத்தாளில் எழுதிக் காட்டினான். கீழே ஒரு குதிரை நிற்கிறது. குதிரை மிரள்வதுதான் அந்த எழுத்தின் ஆதிப் பொருள். இங்கே நம் பள்ளிகளில் சொல்லித்தரும் எளிமையாக்கப்பட்ட வடிவத்தில் குதிரை போய், அந்த இடத்தில் இதயக் குறி வந்துவிட்டது. குதிரை மிரண்ட மாதிரி ஒரு மகிழ்ச்சி! டிலைட்டை ஒரு சீன மாணவனுக்குச் சொல்ல காவ்சிங்கிலிருந்து ஆரம்பிப்பதைவிட இங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்பது என் கட்சி.

ஆனால் இதுவும் பாதிதான். 'டேக் டிலைட் இன்' என்ற தொடரில் திடுக்கிடல் கிடையாது. அது பழகிப்போன, திரும்பத் திரும்பச் செய்கிற இன்பம். தோட்டம் போடுவதில், பேரப்பிள்ளைகளோடு விளையாடுவதில் இருப்பது. இதற்கு மாண்டரினில் கட்டமைப்பே தயாராக இருக்கிறது: 'யீ' என்று ஆரம்பித்து 'வெய் லெ' என்று முடிப்பது. யீ என்றால் எடுத்துக்கொண்டு, வெய் லெ என்றால் இன்பமாக. 'இதை இன்பமாக எடுத்துக்கொள்வது.' ஆங்கிலத்திலும் 'டேக்'தான்! பிறருக்கு உதவுவதை இன்பமாகக் கொள் என்ற 'ஜூ ரென் வெய் லெ' சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த நான்கெழுத்து அறிவுரை. இவ்வளவு நெருக்கமான பொருத்தம் கிடைத்தும், நல்ல அகராதிகள்கூட அதைத் தொடர்களின் பட்டியலில் அடியில்தான் வைக்கின்றன. முதலில் கண்ணில் படுவது காவ்சிங். அவசரத்தில் தேடுபவன் அங்கேயே நின்றுவிடுகிறான்.

அந்தப் பட்டியலின் அடிவரை போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியவரும். 'டிலைட் இன்' என்று வினைச்சொல்லாக வரும்போது, பெரும்பாலும் பிறரைச் சங்கடப்படுத்தும் காரியத்தில் காணும் இன்பத்தைக் குறிக்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதி எச்சரிக்கிறது. சீனத்திலும் அதே 'லெ' இருட்டுப் பக்கம் போகும்: அடுத்தவன் கேட்டில் மகிழ்வதை 'சிங் ஸாய் லெ ஹுவோ' என்பார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த மேசை நினைவுக்கு வந்தது. டிலைட் என்ற சொல்லை அன்றைக்கு அவன் தப்பாகப் பயன்படுத்தினான். நாங்கள் அதை முழு இலக்கண சுத்தமாகச் செய்துகாட்டிக்கொண்டிருந்தோம்.

கற்போருக்கான ஆங்கில அகராதி என்ற வகையே ஆசியாவில் பிறந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் சகாக்களும் ஜப்பானிய மாணவர்களின் தேவையைப் பார்த்துத் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. பிறகு 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தன் பெயரில் வெளியிட்டது. ஹார்ன்பியின் கவலை ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதோடு நிற்கவில்லை. அது வாக்கியத்தில் எதோடு சேரும், எதோடு சேராது என்பதற்கே அவர் வினை அமைப்புகளைப் பட்டியலிட்டார். அவருடைய வழியில் வந்த அகராதிகளிலும் இந்த அமைப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலத்தின் அமைப்பு மட்டும்தான் இருக்கிறது. கற்பவனின் தாய்மொழி எங்கே விலகும், எங்கே கைகொடுக்கும் என்று சொல்வதற்கு இருமொழி அகராதியைவிட நல்ல இடம் எது? அந்த இடத்தைத்தான் ஒற்றைச் சொல் சமன்பாடுகளால் நிரப்பிவிட்டார்கள்.

வேறு விதமாகவும் விளக்கலாம் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உவகைக்குப் பொருள் எழுதவில்லை, அது எங்கிருந்து பிறக்கும் என்று சொல்கிறது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. நான்கு மூலங்கள். புலன் என்பதற்கு அறிவு என்று உரை சொல்கிறார்கள். சொல்லுக்குச் சொல் வைக்காமல், எந்தச் சூழலில் யாருக்கு அது நேரும் என்று காட்டும் முறை இது. நாமோ நூல் வெளியீட்டு மேடைகளில் எல்லாவற்றுக்கும் 'பெருமகிழ்ச்சி' என்கிறோம். களிப்பு, பூரிப்பு, உவகை எல்லாம் பரீட்சைத் தாளோடு போய்விட்டன. மேடை நாகரிகம் ஆங்கிலத்தில் டிலைட்டட்டைத் தேய்த்த மாதிரி.

இதையெல்லாம் நண்பனிடம் இரண்டு மூன்று இரவு மாமாக் கடையில் பேசியிருக்கிறேன். குதிரை அவனுக்கே புது விஷயமாகப் பட்டது, தினமும் எழுதியிருந்தும் யோசித்ததில்லையாம். "அப்போ டிலைட்னா சியோக், அவ்வளவுதானே?" என்றான். இல்லை என்றேன். சியோக் நாக்கிலும் உடம்பிலும் இருப்பது, வாடிக்கையாளருக்கு எழுத முடியாது. "எழுதினா என்ன?" என்றான். மூன்று இனமும் ஒரே மாதிரி பயன்படுத்தும் ஒரே மகிழ்ச்சிச் சொல் அதுதான் என்பதால் நான் மேலே வாதாடவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. 'ஹேப்பி டு மீட் யூ' என்று சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், அது அவனுக்கும் தெரியும். தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு அது போதாது, இன்னும் பெரிய சொல்லாகக் கொடுக்க வேண்டும் என்று முதல் நாள் இரவு உட்கார்ந்து தேடியிருக்கிறான். அந்த மரியாதையைத்தான் நாங்கள் சிரித்து அனுப்பினோம். இப்போது கூட்டங்களில் கேட்டால் மட்டும் பேசுகிறான், 'ஹேப்பி'யோடு நிறுத்திக்கொள்கிறான்.

போன வாரம் மூன்றாவது லைனில் இரண்டு மாதமாக இழுத்த சோதனை ஒருவழியாகத் தேறியது. இரவு பதினொன்றுக்கு அவனிடமிருந்து குறுஞ்செய்தி: "டு மை டிலைட், டெஸ்ட் பாஸ்." 'பாஸ்'ஸுக்குக் காலம் காட்டும் ஈறு இல்லை. மாண்டரின் வினைச்சொல் காலத்துக்காக ஈறு ஏற்பதில்லை. நான் திருத்தவில்லை.