பசுவின் உயரமும் 13.8 சதவீதமும்

நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் 2018-ல் வந்த மாட்டு உயரம் பற்றிய ஆய்வுக் கட்டுரையை இந்த வாரம் முழுசா உட்கார்ந்து படிச்சேன். 17 மாட்டுக் கூட்டங்கள், 58,265 மாடுகள், 2.54 கோடி மரபணு மாறுபாடுகள். உயரத்தோடு தொடர்புள்ள 163 இடங்கள் கிடைத்திருக்கின்றன. அதில் பல மனிதரிலும் நாயிலும் ஒத்துப்போவதால், பாலூட்டிகளின் உடல் அளவைப் பொதுவான மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள்.

எனக்குப் பெரிசாப் பட்டது வேற எண். 163 இடங்களும் சேர்ந்து உயர வேறுபாட்டில் அதிகபட்சம் 13.8 சதவீதத்தைத்தான் விளக்குகின்றன. ஹோல்ஸ்டைன் பசுக்களில் உயர வேறுபாட்டில் மரபின் பங்கு சுமார் 40 சதவீதம். மிச்சம் எங்கே?

நாயில் ஒரு சில மரபணுக்களே உயரத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பதாகச் சொல்வதுண்டு. மாடு அப்படியல்ல, மனிதனைப் போல என்பது இவர்கள் முடிவு. முடிவு சரிதான். ஆனா அதுக்குக் காட்டுற ஆதாரம் உறுத்துது. எத்தனை இடம் சிக்கும் என்பது மாட்டை மட்டும் பொறுத்ததில்லை, வலைக்கண்ணையும் பொறுத்தது. மனித உயரத்துக்கு 2014-ல் இரண்டரை லட்சம் பேரை வைத்துத் தேடியபோது 697 மாறுபாடுகள் சிக்கின. 2022-ல் 54 லட்சம் பேரை வைத்துத் தேடினால் 12,111. மனிதன் மாறல, மாதிரியின் அளவுதான் மாறிச்சு. அந்த 13.8-ம் இப்படித்தான் ஏறும்.

பல இனங்களைச் சேர்த்துப் பார்த்ததைப் பாராட்டணும். ஒரே இனத்துக்குள் சில காளைகளின் விந்தே எங்கும் போவதால் டி.என்.ஏ நீளநீளத் துண்டுகளாக அப்படியே இறங்குது. எது காரணம், எது சும்மா பக்கத்தில் இருந்தது என்று பிரிக்க முடியாது.

ஆனா காளை தேர்ந்தெடுக்கிறவருக்கு மரபணுவின் பெயரே வேண்டாம். எல்லாக் குறிகளையும் மொத்தமாப் போட்டுக் கணிக்கலாம் என்று மியூவிசன், ஹேஸ், கோடார்ட் 2001-லேயே காட்டிட்டாங்க. அதே ஹேஸ் இந்தக் கட்டுரையிலும் இருக்கிறார்!

உயரமான பசு எதுக்கு என்பதுதான் என் கேள்வி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1966 முதல் பெரிய ஹோல்ஸ்டைன், சிறிய ஹோல்ஸ்டைன் என இரண்டு வரிசைகளை வளர்த்தார்கள். சிறியவைதான் மந்தையில் அதிக நாள் தாக்குப்பிடித்தன. பெரிய மாடு தன் உடம்பைத் தாங்கவே கூடுதலாத் தின்னும். அமெரிக்காவின் நெட் மெரிட் குறியீட்டில் உடல் அளவுக்கு மைனஸ் மதிப்பு.

உயரத்தை அளக்கிறது சுலபம், அதனால் தரவு குவிஞ்சு கிடக்கு. லிட்டர் பாலுக்கு எவ்வளவு தீவனம் என்று பார்க்க ஒவ்வொரு மாட்டுக்கும் தனியா எடை போடணும், அதுவும் வாரக்கணக்கில்.